உப்போடு கைகோத்துப் போகும் சர்க்கரை

என் மகனுக்கு அப்போது இரண்டு வயது மூன்று மாதம். ஒரு புதன்கிழமை சாயங்காலம் பேதி ஆரம்பித்தது. இரவு பத்து மணிக்குள் ஏழு தடவை போய்விட்டான். எட்டாவது தடவை மலம் என்று சொல்ல எதுவுமே இல்லை, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

மருந்துக்கடை மூடுவதற்கு முன்னால் ஓடிப்போய் ஒரு அட்டைப்பெட்டிப் பானம் வாங்கி வந்தேன். பெட்டியின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று, பேதிக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசலின் பெயர், கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆப்பிள் சுவை. பிள்ளை ஆசையாகக் குடித்தான். அது தீர்ந்த பிறகு வீட்டில் இருந்த குளுக்கோஸ் பவுடரை டம்ளருக்கு மூன்று கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். தெம்பும் வரும், தண்ணீரும் உடம்பில் சேரும் என்று நம்பினேன். கொடுக்கக் கொடுக்க அதிகமாகத்தான் போனது. விடியற்காலை நான்கு மணிக்குக் கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை. அந்த வறண்ட அழுகைச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நான் உயிரியல் ஆசிரியை. கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை. பதினொன்றாம் வகுப்புக்குச் செல் சவ்வு, பரவல், சவ்வூடு பரவல், ஆற்றல் சார்ந்த கடத்தல் எல்லாம் வருடா வருடம் நடத்துகிறேன். அன்றைக்கு ராத்திரி என் பிள்ளையின் குடலுக்குள் நடந்துகொண்டிருந்தது அந்தப் பாடம்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்தவர்கள் வீட்டிலும் இந்தத் தவறு நடக்கிறது.

விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் வருவதற்குள் சிஸ்டர் பிள்ளையை வாங்கி மடியில் படுக்கப் போட்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் உடனே படியவில்லை. ஒரு மடிப்பாக நின்று மெதுவாக இறங்கியது. சாதாரணமாக ரப்பர் மாதிரி சட்டென்று ஒட்டிக்கொள்ள வேண்டும்.

“என்ன டீச்சர் குடுத்தீங்க?”

அட்டைப்பெட்டியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார்.

“இதுல உப்பு எங்க இருக்கு? பூராவும் சக்கரை. இவ்வளவு சக்கரை உள்ள போனா தண்ணிய உடம்புக்குள்ள விடாது டீச்சர். குடலுக்குள்ள இழுத்து வெளிய தள்ளிரும்.”

அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நிமிடம் கரும்பலகையில் நான் எத்தனையோ தடவை வரைந்த படம் கண் முன்னால் வந்து நின்றது. செறிவு அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் போகும். பிள்ளைக்கு நான் கொடுத்தது செறிவு அதிகமான தண்ணீர்.

எடை பார்த்தார்கள், 11 கிலோ. டாக்டர் வந்து கணக்குச் சொன்னார்: கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 825 மில்லி உள்ளே போக வேண்டும். பிள்ளை முழிப்பாக இருக்கிறான், தாகமாக வாங்கிக் குடிக்கிறான், அதனால் டிரிப்ஸ் வேண்டாம், வாயாலேயே கொடுத்துப் பார்ப்போம் என்றார். சிஸ்டர் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்து ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கொட்டிக் கலக்கி, ஒரு எவர்சில்வர் கரண்டியையும் என் கையில் கொடுத்தார்.

முதல் கரண்டி உள்ளே போனது. உதடு வெடித்திருந்ததால் எரிந்திருக்கும், முகத்தைச் சுளித்தான். நாலைந்து கரண்டி போன பிறகு எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டான். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, “பத்து நிமிசம் சும்மா இருங்க. அப்புறம் திரும்ப ஆரம்பிங்க. ரெண்டு நிமிசத்துக்கு ஒரு கரண்டி, அவ்வளவுதான். டம்ளரோட குடுத்தா வயிறு தூக்கிப் போட்டுரும்” என்றார். அப்படியே செய்தேன். கரண்டி, கடிகாரம், கரண்டி, கடிகாரம். நடுவில் இரண்டு தடவை பேதியும் போனது. நான் பதறியபோது, “போகட்டும் டீச்சர், இது பேதிய நிறுத்துற மருந்து இல்ல. போறத விட அதிகமா உள்ள ஏறணும், அதான் கணக்கு” என்றார். இந்த ஒரு வாக்கியம் தெரியாமல் எத்தனையோ பேர் கரைசலைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கு உடனே நிற்காததால் கரைசல் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

பத்தரை மணி இருக்கும். கரண்டியைக் கழுவுவதற்காக எடுத்தேன். பிள்ளை ‘தா’ என்று கையை நீட்டி அழுதான். கண்ணோரம் ஈரம். கண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை அழுவதைப் பார்த்து ஒரு தாய் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். பதினொன்றரைக்கு என் சேலையை நனைத்தான். கருமஞ்சள் சிறுநீர். சிஸ்டர் எட்டிப் பார்த்து, “சரி, தேறிட்டான்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தின் மேல் உறையை நான்கு முறை படித்தேன். சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ஒரு லிட்டருக்கு மொத்தம் 20.5 கிராம். லிட்டர் தண்ணீருக்குச் சுமார் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ்தான். நான் கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு. இந்த எண்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

மாணவர்களுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். சிறுகுடலின் உள்சுவரில் வரிசையாகச் செல்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பக்கம் குடலின் உள்வெளி, மறுபக்கம் இரத்தம். செல் சவ்வு கொழுப்பால் ஆனது. உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைபவை, கொழுப்புக்குள் நுழைய முடியாது. அவற்றுக்குப் புரதத்தால் ஆன வாசல் வேண்டும்.

இரத்தம் இருக்கும் பக்கத்துச் சவ்வில் சோடியம் பொட்டாசியம் பம்ப் இருக்கிறது. ஒரு ஏடிபியை (செல்லுக்கு எரிபொருளாக இருக்கும் மூலக்கூறு) செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ராத்திரி பகல் ஓயாது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த ஒரு பம்புக்கே போகிறது. இதன் பலன், செல்லுக்கு வெளியே லிட்டருக்கு 140 மில்லிமோல் (துகள்களை எண்ணுகிற அலகு) அளவில் சோடியம் இருந்தால் செல்லுக்குள் 10, 15தான் இருக்கும். வெளியே கூட்டம், உள்ளே காலி. சோடியம் எப்போதும் உள்ளே நுழையத் தவித்துக்கொண்டே இருக்கும்.

குடல் பக்கத்துச் சவ்வில் வேறொரு வாசல். அறிவியலில் எஸ்.ஜி.எல்.டி. 1 என்று பெயர். அதில் இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வாசல் உள்பக்கம் திரும்பும். சோடியம் சரிவில் இறங்கி வருகிற வேகத்தில் குளுக்கோசையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த வாசலில் ஏடிபி செலவில்லை. செலவெல்லாம் பின்பக்கத்துப் பம்பில். உள்ளே வந்த குளுக்கோஸ் வேறு வாசல் வழியாக இரத்தத்துக்குப் போய்விடும், சோடியத்தைப் பம்ப் இரத்தத்துக்குள் தள்ளிவிடும். உப்பும் சர்க்கரையும் போன பக்கத்துக்குத் தண்ணீர் தானாகப் பின்னால் போகும். தண்ணீருக்கென்று தனியாகப் பம்ப் கிடையாது. உடம்புக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்றால் உப்பைத்தான் ஏற்ற வேண்டும்.

இதை எனக்கு முழுசாகப் புரியவைத்தது என் அம்மாவின் அப்பா சொன்ன கமலை. கரிசல் காட்டுக் கிணறுகளில் மோட்டார் வருவதற்கு முன்னால் கமலை கட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். மாடுகள் அந்தச் சரிவில் இறங்கி நடக்க, வடக்கயிறு இழுபட்டு, சால் என்கிற பெரிய இறைவாளி நிறையத் தண்ணீர் மேலே வரும். தாத்தாவும் கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்வாராம், அந்தக் கனமும் சேர்ந்து இழுக்க. தண்ணீரை மேலே தூக்குவது மாடுகள் கீழே இறங்குகிற இறக்கம்தான். ஆனால் அடுத்த சாலுக்கு மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏற வேண்டும். “அந்த ஏத்தத்துலதான் மாட்டுக்கு மூச்சு வாங்கும்” என்பார் தாத்தா.

இறங்குகிற மாடு சோடியம். மேலே வருகிற சால் குளுக்கோஸ். மாட்டை மறுபடி மேட்டுக்கு ஏற்றுகிற வேலை பம்பினுடையது, அதற்குத் தீவனம் ஏடிபி. மாடு இல்லாமல் சால் மேலே வராது. உப்பு இல்லாமல் குளுக்கோஸ் பவுடரை மட்டும் கரைத்துக் கொட்டிய அன்றைக்கு நான் மாடில்லாத கமலைக்குச் சாலைக் கட்டிவிட்டுக் காத்திருந்தேன். ஏறாமல் நின்ற சர்க்கரை குடலுக்குள்ளேயே கிடந்து தண்ணீரை இழுத்தது. அதே மாதிரி, வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் பேதி நேரத்தில் சரியாக உறிஞ்சப்படாது. இரண்டும் வேண்டும், இரண்டும் அளவாக வேண்டும். இப்போதைய பொட்டலத்தில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோசும் 75. முன்பு சோடியம் 90, குளுக்கோஸ் 111 என்று இருந்ததை 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் குறைத்தார்கள். கரைந்த எல்லாவற்றையும் சேர்த்த மொத்தச் செறிவு 311இலிருந்து 245 ஆனது. நீர்த்த கரைசல் கொடுத்தபோது பேதியும் வாந்தியும் குறைவாக இருந்ததுதான் காரணம்.

இதில் என்னை மிகவும் நெகிழ வைத்த விஷயம் ஒன்று உண்டு. காலராக் கிருமியின் நச்சு குடல் செல்லுக்குள் புகுந்து குளோரைடு வாசலைத் திறந்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் அதன் பின்னால் போகின்றன. ஒரு நாளில் பல லிட்டர் போய்விடும், சில மணி நேரத்தில் ஆளே போய்விடலாம். ஆனால் அந்த நச்சு உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழைகிற வாசலைத் தொடுவதில்லை. ஒரு பக்கம் வெள்ளமாக வெளியேறிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கமலை ஓடிக்கொண்டிருக்கிறது. கோடிக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தது அந்த ஒரு வாசலால்தான்.

இதைக் கண்டுபிடித்த கதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் ஜென்ஸ் ஸ்கூ என்பவர் நண்டின் கால் நரம்பை எடுத்து ஆராய்ந்தார். ஏடிபியை உடைக்கிற ஒரு நொதி, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இருந்தால்தான் வேகம் பிடிக்கிறது என்று கண்டு 1957இல் எழுதினார். அதுதான் அந்தப் பம்ப். நாற்பது வருடம் கழித்து 1997இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1960இல் பிராக் நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர், குளுக்கோஸ் சோடியத்தோடு சேர்ந்துதான் குடல் செல்லுக்குள் போகிறது என்ற கருத்தை முன்வைத்தார். எட்டு வருடத்தில் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாகக் கரைசல் கொடுத்து அது வேலை செய்கிறது என்று காட்டிவிட்டார்கள்.

அப்புறம் 1971. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் அகதி முகாமில் காலரா. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள், நரம்பில் ஏற்றும் டிரிப்ஸ் தீர்ந்துகொண்டிருக்கிறது. கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று லிட்டருக்குக் கணக்கிட்டுப் பொட்டலம் போட வைத்தார். டிரம்மில் கலந்து குழாய் வைத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் அம்மாக்களும் சொந்தக்காரர்களும்தான். டிரிப்ஸை மட்டும் நம்பியிருந்தபோது நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த இடத்தில், இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. அவர் 2022 அக்டோபரில் காலமானார். மறுவருடம்தான் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அவர் பெயரை என் வகுப்பில் இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த வருடம் இந்தப் பாடத்தை நான் நடத்துகிற விதத்தை மாற்றிவிட்டேன். வகுப்பறைக்கு இரண்டு கதவு. முன்கதவு குடல் பக்கம், பின்கதவு இரத்தப் பக்கம். பாதிப் பிள்ளைகள் சட்டையில் உப்பு என்று சீட்டுக் குத்திக்கொள்வார்கள், சில பேர் சர்க்கரை. முன்கதவில் இரண்டு உப்பும் ஒரு சர்க்கரையும் கைகோத்து வந்தால்தான் உள்ளே விடுவது. பின்கதவில் ஒரு ஆள் பம்ப். மூன்று உப்பை வெளியே தள்ளினால் அந்த ஆளுக்கு ஒரு கடலைமிட்டாய். எங்கள் ஊரில் ஏடிபிக்கு அதைவிடப் பொருத்தமான பண்டம் இல்லை. (பொட்டாசியத்தை இந்த ஆட்டத்தில் விட்டுவிடுவேன். முதல் நாளே எல்லாம் சொன்னால் ஒன்றும் நிற்காது.)

பத்து மிட்டாய் தீர்ந்ததும் பம்ப் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நின்றதும் என்ன ஆகும் என்று நான் சொல்வதில்லை, அவர்களே பார்ப்பார்கள். உள்ளே உப்பு நெருக்கியடித்து நிற்கும். முன்கதவு வழியாக இன்னொரு உப்பு வர இடமில்லை. வெளியே சர்க்கரைப் பிள்ளைகள் கை கோக்க ஆள் இல்லாமல் நின்றுகொண்டிருப்பார்கள். முதல் வருடம் ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், மிட்டாய் தின்னது பின்கதவுக்காரன். ஆனா முன்கதவுல சக்கரை நின்னுபோச்சே?” நான் பாடம் நடத்தத் தொடங்கிய காலத்திலிருந்து இரண்டாம் நிலை ஆற்றல் சார்ந்த கடத்தல் என்ற நீளமான பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் அதன் அர்த்தத்தையே ஒரு கேள்வியாகக் கேட்டுவிட்டான்.

பாடம் இன்னொரு வழியாகவும் வீட்டுக்குள் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். போன வருடம் டாக்டர் டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையைச் சேர்த்தார். அடுத்த பரிசோதனையில் சிறுநீரில் சர்க்கரை மிக அதிகம் என்று வந்ததும், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா தானாகவே நிறுத்திவிட்டார். நான்கு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவரை உட்கார வைத்துச் சொன்னேன்: சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதில் 160, 180 கிராம் சர்க்கரை போகும். அதை வீணாக்காமல் திரும்ப இழுத்துக்கொள்ள, குடலில் இருக்கும் வாசலின் தம்பி மாதிரி ஒரு வாசல் சிறுநீரகத்தில் இருக்கிறது. அங்கேயும் சோடியம்தான் சர்க்கரையைக் கூட்டி வருகிறது. இந்த மாத்திரை அந்த வாசலைச் சாத்துகிறது. சர்க்கரை சிறுநீரில் போக வேண்டும் என்றுதான் கொடுத்திருக்கிறார்கள். அது போவதே மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

அப்பா மறுபடி டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு ஆரம்பித்தார். அப்போது டாக்டர் சொன்னதை இதே மாத்திரை போடுகிறவர்கள் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்: வாந்தி, பேதி, கடுமையான காய்ச்சல் வந்து சாப்பிட முடியாமல் இருந்தால் உடனே டாக்டரை அழைத்து மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்று கேட்க வேண்டும். உடம்பு வறண்டு இரத்தத்தில் அமிலம் ஏறுகிற ஆபத்து உண்டு. அந்தரங்க இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாவிட்டால் பூஞ்சைத் தொற்றும் வரலாம், சிறுநீரில் சர்க்கரை போகிறதே.

நெஞ்செரிச்சலுக்குப் போடுகிற ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் மாத்திரைகளும் ஒரு பம்பைத்தான் அடைக்கின்றன. இரைப்பைச் சுவரில் ஏடிபியைச் செலவழித்து அமிலத்தை வெளியே தள்ளுகிற பம்ப் அது. ஓடிக்கொண்டிருக்கிற பம்பில்தான் மருந்து பிடிக்கும். சாப்பாடு வரும்போதுதான் பம்புகள் வேலைக்குக் கிளம்பும். அதனால்தான் காலையில் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறார்கள். என் கணவர் பல மாதமாக ராத்திரி சாப்பிட்டு முடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நேரத்தை மாற்றியதும் வித்தியாசம் தெரிந்தது.

சரி, பேதிக்கு வருகிறேன். அந்த ஒரு நாளில் கற்றதையும் அதன் பிறகு சிஸ்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

பொட்டலத்தைப் பிரித்தால் முழுசாகக் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் உண்டு. உறையில் எந்த அளவு போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தைக் கண்ணளவில் நான்காகப் பிரித்து டம்ளரில் போட்டால் ஒரு டம்ளரில் உப்பு அதிகமாகும், இன்னொன்றில் குறையும். உப்பு அதிகமானால் சின்னப் பிள்ளைக்கு அது தனி ஆபத்து. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கரைக்கலாம், கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதுவும் சேர்க்கக் கூடாது. பிள்ளை குடிக்க மாட்டேன் என்கிறானே என்று நாம் இனிப்பைக் கூட்டினால் கணக்கு கெட்டுவிடும். இருபத்து நான்கு மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதுசாகக் கலக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை பேதி போனதும் 50 முதல் 100 மில்லி. அதற்கு மேல் வயது என்றால் 100 முதல் 200 மில்லி. தாய்ப்பால் நிறுத்தவே கூடாது. சாப்பாடும் நிறுத்த வேண்டாம். வயிற்றைக் காயப்போட்டால் பேதி நிற்கும் என்று என் அத்தை உட்படப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அக்கறையில்தான், ஆனால் பிள்ளை இன்னும் சோர்ந்துபோகும். துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாளும் கொடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் என்றால் தினம் 20 மில்லிகிராம், அதற்குள் என்றால் 10. மூன்றாம் நாள் பேதி நின்றதும் பாதியில் விட்டுவிடுகிற வீடுகளே அதிகம்.

பொட்டலம் கையில் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. தலை தட்டுவது முக்கியம். நம் அம்மாக்கள் கொடுத்த உப்புப் போட்ட நொய்க்கஞ்சியும் நல்லதுதான். அரிசி மாவுச்சத்து குடலில் மெதுவாகக் குளுக்கோசாக உடையும், ஒரேயடியாகச் சர்க்கரையைக் கொட்டியது போல ஆகாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, சோடியம் கொஞ்சம்தான். குடிக்கக் கொடுக்கலாம், கரைசலுக்கு மாற்றாக வைத்துக்கொள்ளக் கூடாது. சோடா, பாட்டில் ஜூஸ், குளுக்கோஸ் பவுடர் மூன்றும் வேண்டாம்.

அட்டைப்பெட்டிப் பானம் பற்றி: உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. நல்ல காரியம். எனக்குத்தான் அது பிந்தி வந்தது. பெயர் மாறினாலும் மாறாவிட்டாலும் பின்பக்கத்தைத் திருப்பி உப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று படித்துவிடுங்கள்.

பிள்ளை அசந்துபோய்க் கூப்பிட்டால் முழிக்கவில்லை, குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாக வருகிறது, மலத்தில் இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கிள்ளிய தோல் இரண்டு விநாடிக்கு மேல் நிற்கிறது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது என்றால் கரண்டியோடு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த நிலையில் டிரிப்ஸ்தான் காப்பாற்றும். போகிற வழியெல்லாம், குடிக்க முடிந்தால், கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

இப்போதெல்லாம் பாடம் முடிந்த அன்றைக்கு நான் கொடுக்கிற வீட்டுப்பாடம் ஒன்றுதான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, உங்கள் வீட்டில் புழங்குகிற டம்ளரில் ஊற்றி, ஒரு லிட்டருக்கு எத்தனை டம்ளர் என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும். நான்கு என்று ஒருத்தி எழுதி வந்தாள், ஆறரை என்று இன்னொருவன். ஒரே அளவு இரண்டு வீட்டில் இல்லை.

இந்த வருடம் சித்திரையில் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் தங்கைக்கு முந்தின வாரம் பேதி வந்து தேறியிருந்தது. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர், அன்றைக்கு வீட்டில் இல்லை, இவள்தான் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். அடுப்படியில் உப்பு ஜாடிக்கு மேலே, புகை படிந்த சுவரில் சாக்பீஸால் பெரிதாக 5 என்று எழுதியிருந்தது. என்ன தாயி இது என்று கேட்டேன்.

“எங்க வீட்டு டம்ளருக்கு அஞ்சு, டீச்சர். அம்மாவுக்கும் தெரியணும்ல.”